சாட்சி சொல்வதை எடை போடுவது எப்படி: அமெரிக்காவில் முதல் முறை ஜூரியாக உட்காரும் தமிழருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவில் நான் இரண்டு முறை ஜூரராக, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவராக, உட்கார்ந்திருக்கிறேன். இரண்டாம் முறை ஜூரித் தலைவர் பொறுப்பும் என்மேல் விழுந்தது. அதன்பிறகு அழைப்பாணை வந்த நண்பர்கள் பலர் பேசினார்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அண்ணா, சாட்சி உண்மை சொல்றாரா பொய் சொல்றாரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இந்தக் கேள்வியோடு உள்ளே போகிறவர்தான் அதிகம் தடுமாறுகிறார். ஆளைப் பார்த்து நல்லவர், பொய்யர் என்று பிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். கூண்டில் ஏறுகிற மனிதர் ஒரே நாளில் நூறு வாக்கியம் பேசுவார். அதில் சில கண்ணால் பார்த்தவை, சில ஊகம், சில மறதியில் கலந்தவை. ஒன்றிரண்டு வேண்டுமென்றே திரித்தவையாகவும் இருக்கலாம். ஜூரர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்து, இதன் மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்று பார்க்க வேண்டும். அதை எந்த வரிசையில் செய்வது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

கலிபோர்னிய மாநில நீதிமன்றத்தின் குற்ற வழக்குகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். வேறு மாநிலத்திலும் ஃபெடரல் நீதிமன்றத்திலும் சில விதிகள் மாறும். எங்கே உட்கார்ந்தாலும் உங்கள் நீதிபதி வாசிக்கும் அறிவுரைதான் உங்களுக்குச் சட்டம்.

1. போவதற்கு முன்பே முடிக்க வேண்டியவை

ஜூரராக உட்காரக் குடியுரிமை வேண்டும். வாகனத் துறையின் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அழைப்பாணை வந்துவிடும். குடிமகன் இல்லை என்று குறித்து உடனே பதில் அனுப்புங்கள். வேண்டாத காகிதம் என்று குப்பையில் போட்டால் பின்னால் தொல்லை.

வேலை இடத்தில் முன்கூட்டியே சொல்லுங்கள். ஜூரிப் பணிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கலிபோர்னியச் சட்டம் இடம் தராது. ஆனால் அந்த நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்பது உங்கள் நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தது. அலுவலக மின்னஞ்சலை யோசித்துக்கொண்டு உட்கார்ந்தால் சாட்சி சொல்வதில் பாதி காதில் ஏறாது. அதனால்தான் இதை முதலில் வைத்தேன்.

வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வழக்கு முடியும்வரை அதைப் பற்றி மனைவியிடமோ கணவரிடமோகூடப் பேசக்கூடாது. நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. "முடிஞ்சப்புறம் எல்லாம் சொல்றேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. அவர்கள் சொல்லும் ஒரு கருத்து மனத்தில் தங்கிவிட்டால், அது கூண்டில் ஏறாத, யாரும் குறுக்கு விசாரணை செய்யாத ஒரு சாட்சி ஆகிவிடுகிறது.

இணையத்தில் தேடவும் கூடாது. சம்பவ இடத்துக்குப் போய்ப் பார்ப்பது, வரைபடத்தில் தூரம் அளப்பது எல்லாமே தடை. பொறியாளர்கள் அதிகம் மாட்டுவது இங்கேதான். "விளக்கு வெளிச்சம் எவ்வளவு இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்தா என்ன?" என்று கை துறுதுறுக்கும். நீங்கள் போகும் இரவில் எரிகிற விளக்கு சம்பவத்தன்று எரிந்ததா என்பதை உங்களுக்கு யார் சொல்வது? ஒரு ஜூரர் இப்படிப் போய்வந்தது தெரிந்தால் வாரக்கணக்கில் நடந்த விசாரணை முழுவதும் வீணாகலாம்.

2. எது சாட்சியம் என்று முதலில் பிரியுங்கள்

எடை போடுவதற்கு முன் தராசில் எதை வைக்கலாம் என்று தெரிய வேண்டும். வழக்கறிஞர் பேசுவது சாட்சியம் ஆகாது. தொடக்க உரை, முடிவுரை, நடுவில் கேட்கும் கேள்வி எதுவுமே ஆகாது. சாட்சியின் பதில் மட்டும்தான் சாட்சியம். அந்தப் பதிலைப் புரிந்துகொள்வதற்கு மட்டும் கேள்வியைச் சேர்த்துப் பார்க்கலாம்.

படிக்கும்போது எளிதாகத் தெரியும். உட்கார்ந்தால்தான் சிரமம் புரியும். குறுக்கு விசாரணையில் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்க அனுமதி உண்டு. "அன்று நீங்கள் மூன்று பியர் குடித்திருந்தீர்கள், சரிதானே?" என்று வழக்கறிஞர் கேட்கிறார். சாட்சி "இல்லை" என்கிறார். வேறு ஆதாரம் எதுவும் வரவில்லை. நான்கு நாள் கழித்து ஜூரி அறையில் ஒருவர், "அந்த ஆள்தான் குடிச்சிருந்தாரே" என்பார். குடித்ததாக அந்த வழக்கில் ஒரு துளி சாட்சியமும் கிடையாது. கேள்வி மட்டும் மனத்தில் பதிலாக உறைந்துவிட்டது.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் உண்டு. பதில் "ஆமாம்" என்று வந்தால் மட்டும் கேள்வியில் உள்ள விவரத்தை எழுதுங்கள். "இல்லை", "நினைவில்லை" என்றால் அந்த விவரம் நோட்டில் ஏறக்கூடாது. ஆட்சேபத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டால் கேள்வியையே மறந்துவிடுங்கள். பதிலை நீக்கச் சொன்னால், எழுதியதைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள்.

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை என்று நீதிபதி அறிவிப்பவற்றுக்கு எடை போடும் வேலையே இல்லை. அப்படியே ஏற்க வேண்டும்.

3. நோட்டில் இரண்டு பத்தி

நீதிமன்றமே நோட்டும் பேனாவும் தரும். மாலையில் அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். புதியவர்கள் இரண்டு வகையில் தவறுகிறார்கள். ஒன்று, கல்லூரிப் பாடம்போலச் சொல்லுக்குச் சொல் எழுதித் தலையே நிமிராமல் இருப்பது. மற்றொன்று, நினைவு இருக்கிறது என்று நம்பி ஒன்றுமே எழுதாமல் இருப்பது.

பக்கத்தை நடுவில் மடித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் சாட்சி சொன்னது. வலது பக்கம் உங்களுக்கு எழுந்த ஐயம். "80 அடி தூரம்" என்று இடப்பக்கம் இருந்தால், "நடுவில் வண்டி நின்றதா?" என்று வலப்பக்கம். இரண்டையும் கலந்து எழுதினால் ஒரு வாரம் கழித்துச் சாட்சி சொன்னது எது, நீங்கள் நினைத்தது எது என்று பிரிக்க முடியாது.

வலப்பக்க ஐயம் கடைசிவரை தீரவில்லையென்றால் அதைக் கேள்வியாக எழுதி நீதிமன்ற அலுவலரிடம் கொடுக்கலாம். கலிபோர்னியாவில் இதற்கு வழி உண்டு. நீதிபதி அதை இரு தரப்பு வழக்கறிஞர்களிடமும் பேசிவிட்டுக் கேட்கலாம், விடலாம். கேட்காமல் விட்டால் அதற்குச் சட்டக் காரணம் இருக்கும். பதில் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்து நிரப்பக்கூடாது.

4. முதல் சல்லடை: பார்த்தாரா, ஊகித்தாரா?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன். கலிபோர்னியாவின் குற்ற வழக்கு ஜூரி அறிவுரைத் தொகுப்பில் 105ஆம் எண் சாட்சிகளைப் பற்றியது. அதிலும் முதலில் வரும் கேள்வி, சாட்சியால் அதைப் பார்க்கவோ கேட்கவோ எவ்வளவு நன்றாக முடிந்தது என்பதுதான். ஒருவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவரால் பார்க்க முடியாததை அவர் வாயிலிருந்து ஆதாரமாக எடுக்க முடியாது. நேர்மையைப் பற்றி யோசிப்பதற்கு முன் இது முடிய வேண்டும்.

என் முதல் வழக்கில் நடந்ததைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கடை வாசலில் வண்டி நிறுத்துமிடம். இரண்டு பேருக்குள் வாய்த்தகராறு. வயதானவர் கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. தள்ளுவண்டிகளை அடுக்கிக்கொண்டிருந்த கடை ஊழியர்தான் முக்கிய சாட்சி. அமைதியான இளைஞர், இரு தரப்பையும் தெரியாதவர். "அவர் பெரியவரைத் தள்ளினார்" என்று சொன்னார். எங்களில் பலருடைய நோட்டில் "தள்ளினார்" என்று அடிக்கோடிட்டு இருந்தது.

ஜூரி அறையில் ஒரு அம்மா மட்டும், அவர் எப்போது திரும்பிப் பார்த்தார் என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லை. நீதிபதிக்குக் குறிப்பு எழுதி, அந்தப் பகுதியைத் திரும்ப வாசிக்கச் சொன்னோம். நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் வாசித்தார். குறுக்கு விசாரணையில் அவர் சொல்லியிருந்தது இது: கத்தும் சத்தம் கேட்டது, திரும்பினேன், அவர் கை நீண்டிருந்தது, பெரியவர் சாய்ந்துகொண்டிருந்தார்.

அவர் பார்த்தது நீண்ட கையும் சாய்ந்த உடலும். தள்ளியதை அவர் பார்க்கவில்லை. விழுகிறவரைப் பிடிக்க நீட்டிய கையும் அப்படித்தான் இருக்கும். அந்த இளைஞர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பார்த்த இரண்டு காட்சிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியை அவர் மனம் நிரப்பியது, அதற்கு "தள்ளினார்" என்று பெயர் வைத்தது. நாம் எல்லோரும் தினமும் செய்வதுதான்.

எனவே ஒவ்வொரு முக்கிய வாக்கியத்திலும் வினைச்சொல்லைப் பிடியுங்கள். தள்ளினார், மிரட்டினார், தப்பி ஓடினார், திருடினார்: இவை காட்சியோடு முடிவும் சேர்ந்த சொற்கள். அவற்றை உரித்துக் காட்சியை மட்டும் எடுங்கள். தப்பி ஓடினார் என்றால் ஓடினார் என்பதுதான் காட்சி. ஏன் ஓடினார் என்பது வேறு ஆதாரத்திலிருந்து வர வேண்டும்.

அதன்பிறகு தூரம், வெளிச்சம், மறைப்பு, எத்தனை விநாடி, அந்த நேரம் அவர் வேறு என்ன செய்துகொண்டிருந்தார் என்று வரிசையாகப் பாருங்கள். கண்ணாடி போடுகிறவரா, அன்று போட்டிருந்தாரா என்பது வழக்கறிஞர்களே கேட்டுவிடுவார்கள். கவனம் எங்கே இருந்தது என்பதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள்.

5. நினைவு எந்த வழியாக வந்தது?

சம்பவத்துக்கும் விசாரணைக்கும் நடுவில் ஓராண்டுகூடப் போயிருக்கும். அந்த இடைவெளியில் சாட்சியின் நினைவை யார் யார் தொட்டார்கள் என்று பார்க்க வேண்டும்.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. மாணவர்களுக்குக் கார் விபத்துப் படம் போட்டுக் காட்டினார்கள். வண்டிகள் எந்த வேகத்தில் "நொறுங்க மோதின" என்று சிலரிடம் கேட்டார்கள். "இடித்தன" என்று வேறு சிலரிடம் கேட்டார்கள். முதல் கூட்டம் சொன்ன வேகம் அதிகம். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்றார்கள். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை. ஆனாலும் "நொறுங்க மோதின" என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். "இடித்தன" என்று கேட்டவர்களில் 50க்கு 7 பேர்.

ஒரு வினைச்சொல் போதும், இல்லாத கண்ணாடி உடைந்துவிடுகிறது. அதனால் சாட்சி முதல் முறை யாரிடம் சொன்னார், எவ்வளவு நேரத்துக்குள் சொன்னார், அவரிடம் எந்தச் சொற்களில் கேட்டார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். கூண்டில் ஏறுவதற்கு முன் காணொளியைப் பார்த்தாரா, மற்ற சாட்சிகளோடு பேசினாரா என்பதும் முக்கியம். இருவரும் ஒரே சொற்றொடரைச் சொன்னால் அது ஒற்றுமையாகத் தெரியும். ஒருவர் நினைவு இன்னொருவருக்குத் தொற்றியதாலும் அப்படி வரலாம்.

முதல் வாக்குமூலம் எப்போதும் சரியென்று நினைப்பதும் தவறு. அடிபட்டு, பதறி, ஆம்புலன்ஸில் கிடந்தபடி சொன்னதில் விவரம் குறைவாக இருப்பது இயல்பு. பின்னால் விவரம் கூடினால் அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மனம் தெளிந்து வந்ததா, யாரோ ஊட்டியதா?

6. "இவர்தான்" என்று கை நீட்டும்போது

நீதிமன்றத்தில் சாட்சி விரல் நீட்டி "இவர்தான், நூறு சதவீதம்" என்று சொல்லும் கணம் எல்லா ஜூரர்களையும் உலுக்கும். என்னையும் உலுக்கியது. அந்தக் கணத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மூச்சு விடுங்கள்.

ரொனால்ட் காட்டன் வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 1984, வட கரோலினாவின் பர்லிங்டன். பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவி, தாக்கியவன் முகத்தை மனத்தில் பதிய வைக்க வேண்டுமென்றே முயன்றவர். புகைப்படங்களைப் பார்த்து நேரம் எடுத்துக்கொண்டு ஒன்றைத் தேர்ந்தார். பிறகு ஆட்களை நேரில் நிறுத்திக் காட்டினார்கள். புகைப்படத்திலும் நேர்வரிசையிலும் இருந்தவர் காட்டன் மட்டும்தான். அவரையே காட்டினார். புகைப்படத்தில் நீங்கள் காட்டியதும் இவரைத்தான் என்று போலீஸ் சொன்னது. 1985இல் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. 1987இல் மறுவிசாரணை. அப்போது உண்மையில் தாக்கியவனையே அந்த மாணவியின் கண் முன் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவருக்கு அடையாளம் தெரியவில்லை. 1995இல் டிஎன்ஏ சோதனை காட்டனை விடுவித்தது. மாணவி ஒரு நாளும் பொய் சொல்லவில்லை.

மரபணுச் சோதனையால் அமெரிக்காவில் நிரபராதி என்று தெரிந்து விடுதலையானவர்களின் வழக்குகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு நேரில் பார்த்தவரின் தவறான அடையாளம் கலந்திருக்கிறது. 2021இல் லெம்கி என்பவரின் வழக்கில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றமும் இதைக் கையில் எடுத்தது. சாட்சி எவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதைக் கணக்கில் எடுங்கள் என்று ஜூரி அறிவுரையில் பல காலமாக இருந்த வரியை, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பே கேட்டாலொழிய விட்டுவிடும்படி நீதிமன்றங்களுக்குச் சொன்னது.

செய்ய வேண்டியது இதுதான். நீதிமன்றத்தில் காட்டிய உறுதியை ஒதுக்கி வையுங்கள். முதன்முதலில் அடையாளம் காட்டியபோது என்ன சொன்னார், எவ்வளவு நேரம் எடுத்தார், காட்டியபின் யாராவது "சரி" என்றார்களா என்று தேடுங்கள். முகத்தை எத்தனை விநாடி பார்த்தார், கத்தியோ துப்பாக்கியோ கண்ணை இழுத்ததா, இருவரும் வேறு இனத்தவரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேறு இன முகத்தை அடையாளம் காண்பதில் பிழை கூடும். புதிதாக அமெரிக்கா வந்தபோது நமக்கு எல்லா வெள்ளைக்கார முகமும் ஒன்றுபோலத் தெரிந்தது நினைவிருக்கும்.

7. முரண்பாடு வந்தால்

இரண்டு எதிரெதிர்த் தவறுகள் நடக்கின்றன. ஒருவர் சின்ன முரணைப் பிடித்துக்கொண்டு "எல்லாமே பொய்" என்பார். இன்னொருவர் "மனுஷன்னா மறதி இருக்கும்" என்று பெரிய முரணையும் தள்ளிவிடுவார்.

முரண் எதில் வந்தது என்று பாருங்கள். சட்டை நீலமா கறுப்பா என்பது, ஆள் யாரென்று ஏற்கெனவே தெரிந்த வழக்கில் ஒன்றுமில்லை. ஆள் யார் என்பதே கேள்வியான வழக்கில் அதுதான் எல்லாம். ஒரே முரணின் எடை வழக்குக்கு வழக்கு மாறும். பிறகு, அந்த விவரம் மறக்கக்கூடியதா என்று கேளுங்கள். மணி ஒன்பதா ஒன்பதே காலா என்பது மறக்கும். தன் கையில் கத்தி இருந்ததா என்பது மறக்காது. மாற்றம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் முக்கியம். நினைவு தவறும்போது அங்கும் இங்கும் தவறும். ஒவ்வொரு மாற்றமும் அவருக்கு அனுகூலமாகவே விழுந்தால் நிமிர்ந்து உட்காருங்கள்.

முக்கியமான ஒன்றில் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நீங்கள் முடிவு செய்தால், அவர் சொன்ன எதையும் நம்பாமல் விட உங்களுக்கு உரிமை உண்டு. விட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. உண்மை என்று தோன்றும் பகுதியை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கவும் அறிவுரை இடம் தருகிறது. வாக்கியம் வாக்கியமாக எடை போடுங்கள் என்று முதலிலேயே சொன்னதற்குச் சட்டமும் துணை நிற்கிறது.

8. யாருக்கு என்ன லாபம்?

உறவினர் என்றாலே பொய் சொல்வார் என்று தள்ளுவது அவசரம். எங்கள் வழக்கில் விழுந்தவரின் மைத்துனரும் சாட்சி. பாசம் இருந்தது, கோபமும் இருந்தது. ஆனால் பெரியவர்தான் முதலில் குரலை உயர்த்தினார் என்று அவரே சொன்னார். தன் பக்கத்துக்குப் பாதகமானதைத் தானாகச் சொல்லும் இடத்தில் ஒரு சாட்சியின் எடை கூடுகிறது. அவருடைய மற்ற வாக்கியங்களையும் அந்த வெளிச்சத்தில் திரும்பப் பார்த்தோம்.

போலீஸ் அதிகாரிக்கும் இதே அளவுகோல்தான். சீருடைக்காக எடையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதிகாரி சம்பவத்துக்குப் பின் வந்தவர் என்றால் வந்தபின் பார்த்தவற்றுக்கு மட்டுமே அவர் சாட்சி. குழந்தையின் சாட்சியத்தையும் குழந்தை என்பதற்காக மட்டும் தள்ளக்கூடாது என்று அறிவுரை சொல்லும்.

இரண்டு வகை சாட்சிகளுக்குச் சட்டமே வேலி போட்டிருக்கிறது. கூட்டுக் குற்றவாளி சொல்வதையும், சிறையில் உடனிருந்து கேட்டதாகச் சொல்லும் கைதி சொல்வதையும் மட்டும் வைத்துக் கலிபோர்னியாவில் யாரையும் குற்றவாளி என்று தீர்க்க முடியாது. தனியான துணை ஆதாரம் வேண்டும். தண்டனைக் குறைப்புக்காகப் பேசும் வாய்ப்பு இருப்பதுதான் காரணம். அப்படிப்பட்டவர் உங்கள் வழக்கில் வந்தால் நீதிபதி அறிவுறுத்துவார். அந்தப் பக்கத்தைக் குறித்து வையுங்கள்.

நிபுணர் சாட்சியின் பட்டத்தைப் பார்த்து மயங்காதீர்கள். எந்தத் தகவலை வைத்து அந்த முடிவுக்கு வந்தார் என்று பாருங்கள். அடித்தளத் தகவல் நிரூபிக்கப்படவில்லையென்றால் மேலே கட்டியதும் நிற்காது.

9. பேசாத ஆதாரத்தோடு பொருத்துங்கள்

காணொளி, தொலைபேசிப் பதிவு, ரசீது, மருத்துவக் குறிப்பு: இவற்றுக்கு யார் மேலும் பாசமோ பகையோ கிடையாது. ஒவ்வொரு சாட்சியின் முக்கிய வாக்கியத்தையும் இவற்றில் ஒன்றோடு கட்ட முடிகிறதா என்று பாருங்கள். கட்ட முடிந்தால் எடை கூடும்.

காணொளியையும் கேள்வி கேட்க வேண்டும். கேமராவின் கடிகாரம் சரியா என்று யாராவது சாட்சி சொன்னார்களா? எந்தக் கோணம் மறைந்திருக்கிறது? எங்கள் காணொளியில் இருவரும் ஒரு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்கள். விழுந்தபின்தான் தெரிந்தார்கள்.

தலைகளை எண்ணுவது தவறு. ஒரு பக்கம் ஐந்து பேர், மறுபக்கம் ஒருவர் என்பதற்காக ஐவர் பக்கம் சாயக்கூடாது. வேறு விதி இல்லாதபோது ஒரே சாட்சியின் சொல்லால்கூட ஒரு விஷயத்தை நிரூபிக்க முடியும். ஆனால் அதற்கு முன் மற்ற எல்லா ஆதாரத்தையும் கவனமாகப் பார்த்தாக வேண்டும்.

10. முகத்தைக் கடைசியில் பாருங்கள்

சாட்சியின் நடத்தையைக் கணக்கில் எடுக்கலாம் என்று அறிவுரை சொல்கிறது. அதை ஏன் கடைசியில் வைக்கச் சொல்கிறேன் என்றால், முதலில் பார்த்தால் மற்ற எல்லாவற்றுக்கும் அது சாயம் பூசிவிடும். இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வறிக்கைகளை ஒன்றாகத் திரட்டி, உளவியலாளர்கள் பாண்டும் டிபாலோவும் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பேசுகிறவரைப் பார்த்தும் கேட்டும் பொய்யா உண்மையா என்று சொல்வதில் மக்கள் சராசரியாக 54 சதவீதம்தான் சரியாகச் சொல்கிறார்கள். காசு சுண்டினாலே 50 கிடைக்கும்.

கண்ணைப் பார்க்கவில்லை, வியர்த்தது, குரல் நடுங்கியது, தண்ணீர் கேட்டார். இவை எல்லாம் முதல் முறை நீதிமன்றம் ஏறும் யாருக்கும் வரும். பெரியவர்கள் முன் கண்ணைத் தாழ்த்திப் பேசி வளர்ந்த நமக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். நம் தலையாட்டல் ஆமாமா இல்லையா என்றே வெளியாருக்குப் புரியாது. முகம் சொல்வதை அத்தனை நம்பிக்கையோடு வாசிக்க யாராலும் முடியாது.

நடத்தையில் பயன்படுவது ஒன்று உண்டு: கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறாரா என்பது. தன் பக்கத்து வழக்கறிஞர் கேட்டபோது நிமிடக் கணக்கைக்கூடச் சொன்னவர், எதிர்ப்பக்கம் கேட்டதும் எல்லாவற்றுக்கும் "நினைவில்லை" என்றால் அந்த மாற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

11. சாட்சி தமிழில் பேசினால்

இது நமக்கே உரிய சோதனை. சாட்சி தமிழரோ, உங்களுக்குத் தெரிந்த வேறு மொழிக்காரரோ மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால், ஆங்கிலத்தில் வரும் மொழிபெயர்ப்பைத்தான் நீங்கள் ஆதாரமாகக் கொள்ள வேண்டும். "அவர் சொன்னது அப்படி இல்லை, நம்ம பக்கம் அதுக்கு வேற அர்த்தம்" என்று ஜூரி அறையில் விளக்கக்கூடாது. மொழிபெயர்ப்பு தவறு என்று தோன்றினால் அந்த நேரத்திலேயே நீதிபதிக்குக் குறிப்பு எழுதி அலுவலரிடம் கொடுங்கள்.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. யோசித்தபோது காரணம் புரிந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே சாட்சியத்தைக் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் அறைக்குள் சொல்லும் அர்த்தத்தை எந்த வழக்கறிஞரும் கேள்வி கேட்க முடியாது. நீதிபதியிடம் எழுதிக் கொடுத்தால் இரு தரப்பும் பார்த்துத் திருத்தலாம். "தட்டினான்" என்ற ஒரு சொல் அடித்தானா, தொட்டானா, கதவைத் தட்டினானா என்பதில் ஒருவரின் வாழ்க்கை தொங்கலாம். வாய் மூடி இருந்துவிட்டுப் பின்னால் வருந்தாமல், உடனே எழுதுங்கள்.

12. ஜூரி அறையில்

உள்ளே போனதும் கை தூக்கி வாக்கெடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஜூரித் தலைவராக நான் அதைத் தள்ளிப்போட்டேன். ஒருமுறை கை தூக்கியவர் அதைக் காப்பாற்றத்தான் வாதாடுவார். அதற்குப் பதில் குற்றச்சாட்டில் நிரூபிக்க வேண்டிய கூறுகளைப் பலகையில் ஒவ்வொன்றாக எழுதினோம். ஒவ்வொன்றின் கீழும் எந்தச் சாட்சியின் எந்த வாக்கியம் அதைத் தாங்குகிறது என்று எழுதினோம். தாங்க எதுவும் இல்லாத கூறு அப்போதே வெளியே தெரிந்தது.

நினைவில் சண்டை வந்தால் நோட்டை நீட்டாதீர்கள். நோட்டு உங்களுடையது, தவறியிருக்கலாம். திரும்ப வாசிக்கச் சொல்லிக் குறிப்பு அனுப்புங்கள். நேரமாகும் என்று கூச்சப்பட வேண்டாம். என் முதல் வழக்கில் "தள்ளினார்" உடைந்தது அப்படித் திரும்ப வாசித்த அரைமணி நேரத்தில்தான்.

கடைசியாக ஒரு பெரிய தவறு. இரு கதைகளில் எது நம்பும்படி இருக்கிறது என்று தேர்ந்தெடுப்பது. சிவில் வழக்கில் எந்தப் பக்கம் உண்மையாக இருக்கக் கூடுதல் வாய்ப்பு என்று பார்க்கலாம். அங்கே கலிபோர்னியாவில் பன்னிரண்டில் ஒன்பது பேர் ஒத்தாலே போதும். குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், பன்னிரண்டு பேரும் ஒத்தாக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறிச் சொன்ன கதையை நீங்கள் நம்பவில்லை என்பது மட்டுமே அரசுத் தரப்பின் வேலையை முடித்துவிடாது. அவர் கூண்டேறவே இல்லையென்றால் அதைப் பற்றி அறையில் பேசவும் கூடாது.

மற்றவர் காரணம் சொல்லி உங்கள் எடையை மாற்றினால் மாறுங்கள். மணி ஐந்தாகிவிட்டது என்பதற்காக மாறாதீர்கள். பதினோரு பேர் ஒரு பக்கம் இருந்தாலும், எந்த வாக்கியத்தை உங்களால் நம்ப முடியவில்லை என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறவரை உங்கள் இடத்தில் உட்காருங்கள்.

தீர்ப்பு வாசித்து முடிந்ததும் நீதிபதி உங்களை விடுவிப்பார். நோட்டு அங்கேயே தங்கிவிடும். வெளியே வழக்கறிஞர்கள் பேச வருவார்கள். பேசலாம், மறுக்கலாம், இரண்டும் உங்கள் உரிமை. வீட்டில் காத்திருக்கும் கேள்விகளுக்கும் அப்போதிலிருந்து பதில் சொல்லலாம்.